பெட்டியில் இல்லாத ஒரே ஆள்

எங்கள் அண்ணிக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைச் சொன்னாலும், சொன்ன ஆளின் பெயரைச் சேர்த்துத்தான் அடுத்த ஆளிடம் ஒப்படைப்பாள்.

"சாப்பாட்டுல உப்பு கம்மியாம் தம்பி. நான் சொல்லல, அத்தை சொன்னாங்க" என்பாள். அத்தை என்றால் என் அம்மா. சமைத்தது நான். "மழை வரும்போல இருக்காம், எதிர்வீட்டுத் தையல்காரர் சொன்னார்" என்பாள். வானம் கறுத்துக் கிடப்பது அவள் கண்ணுக்கும் தெரியத்தான் செய்யும். ஆனால் தையல்காரர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாரே, அவர் சொன்னதைத் தான் சொன்னதுபோல எப்படிச் சொல்வது? இதனால் எங்கள் வீட்டில் ஒரு நன்மை. அண்ணி இருக்கிற அறையில் யாரும் யாரைப் பற்றியும் புறம் பேசுவதில்லை. பேசினால் அது பேசியவர் பெயரோடும் கிழமையோடும் உரியவர் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

எனக்கு ஆரம்பத்தில் இது எரிச்சலாகத்தான் இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன் அண்ணி, நீங்களே சொன்னதா சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"இரவல் வாங்கின குடையைப் பிடிச்சுக்கிட்டு, இது என் குடைன்னு சொல்லிக்கிட்டே நடக்கச் சொல்றீங்களா?" என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. அதனால் இது அவளுடையது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஏற்ற வேலை உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அதை வாங்கிக் கொடுத்தவன் நான். நான் காலண்டர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறேன். தினம் ஒரு தாளாகக் கிழிக்கிற காலண்டர். ஒவ்வொரு தாளிலும் தேதிக்குக் கீழே யாராவது சொன்ன ஒரு நல்ல வாக்கியம் இருக்கும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் பிழை திருத்த ஆள் வேண்டும் என்று முதலாளி சொன்னபோது அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனேன். வந்த மூன்றாம் நாள் அவள் முதலாளி மேஜைக்குப் போய் நின்றாள்.

"சார், இந்த வாக்கியத்தை இவர் எங்க சொன்னார்?"

"பெரிய மனுஷன்மா. எங்கயாவது சொல்லியிருப்பார்."

"எந்தப் புத்தகம், எத்தனாவது பக்கம்?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன். அன்றிலிருந்து எங்கள் காலண்டரில் ஆதாரம் இல்லாமல் ஒரு வரி அச்சானதில்லை.

அதற்காக அவள் ஒரு பெட்டி வைத்திருக்கிறாள். என் அண்ணன் எப்போதோ வாங்கிய செருப்பின் அட்டைப்பெட்டி. காலண்டர் அட்டையில் வெட்டி விழும் துண்டுகளைக் கார்டு கார்டாக அடுக்கி வைத்திருப்பாள். ஒவ்வொரு கார்டிலும் மூன்று வரி. சொன்னது, சொன்னவர், சொன்ன இடமும் நாளும். பெட்டியின் முன்பாதி புத்தகத்திலிருந்து எடுத்தது, அதுதான் அச்சகத்துக்குப் போகும். பின்பாதி அவள் காதால் கேட்டது, அது அவளுடைய சொந்த சந்தோஷத்துக்கு. பால்காரர் அதில் இருக்கிறார். அம்மாவுக்கு முப்பது கார்டு. எனக்கு ஒன்பது. எங்கள் வீட்டுக்குக் குழாய் சரிபார்க்க ஒரே ஒரு தடவை வந்த ஆளுக்குக்கூட ஒன்று உண்டு.

இல்லாத ஒரே ஆள் என் அண்ணன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ஒரு கார்டு கிடையாது. அந்தப் பெட்டியில் அவனுடைய பங்கு அந்தச் செருப்பு மட்டும்தான்.

அண்ணனைக் குறை சொல்லவும் முடியாது. ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறான். ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்து பட்டனை அமுக்கிக்கொண்டே எட்டு மணிநேரம் மேலேயும் கீழேயும் போய் வருவான். வீட்டுக்கு வந்தால் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதையே வீடு முழுக்கத் தேடுவான். "கண்ணாடியைப் பாத்தியா?" என்பதுதான் அவன் ஒரு நாளில் பேசுகிற நீளமான பேச்சு. இதைக் கார்டில் எழுத முடியாது.

ஆனால் அவனுக்கு ஆசை இருந்தது. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவன் முயற்சி செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒருநாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாழ்க்கைங்கறது லிஃப்ட் மாதிரி" என்று ஆரம்பித்தான். அம்மா கையில் எடுத்த கவளத்தோடு நிமிர்ந்தாள். அண்ணி இடது கையால் பென்சிலை எடுத்துவிட்டாள்.

"ஏறும். இறங்கும்" என்றான் அண்ணன்.

அண்ணி பென்சிலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

இன்னொரு நாள் நிஜமாகவே அருமையான வாக்கியம் ஒன்றைச் சொன்னான். பொறுமையைப் பற்றி, நிறுத்தி நிதானமாக. அண்ணி கண்ணை மூடி யோசித்தாள். "போன வருஷம், மார்ச் பதினேழாம் தேதித் தாள்" என்றாள். அவள் அச்சுக்குக் கொடுத்ததையே இவன் மனப்பாடம் செய்து அவளிடமே சொல்லியிருக்கிறான். நானும் அம்மாவும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அண்ணனும்தான் சிரித்தான். அதோடு முயற்சி செய்வதை விட்டுவிட்டான்.

கொஞ்ச நாள் கழித்து, வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு அவன் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்தேன். பரீட்சை முடிவில் தன் நம்பரைத் தேடுகிற மாதிரி கார்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "பழைய செருப்பு இதுலதான் இருக்கோன்னு பாத்தேன்டா" என்றான். எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது.

நேராக அண்ணியிடம் போனேன். "ஒரே ஒரு கார்டு எழுதிப் போட்டுடுங்க அண்ணி. எதையாவது அவர் சொன்னதா எழுதுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"அவருக்குத் தெரியுமே தம்பி" என்றாள். "பொய்யா எழுதினா அதைவிட அவமானம் வேற இல்ல. அவர் என்னைக்காவது சொல்வார். நான் காதைத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் குரலும் சரியாக இல்லை. அவன் கார்டு இல்லாதது அவனைவிட அவளைத்தான் அதிகம் அரித்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மெஷின் ஓடும்போது எனக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். மனுஷன் ஏன் இப்படி அடுத்தவன் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று யோசித்திருக்கிறேன். இது இன்று நேற்று வந்த பழக்கமாக இருக்காது. உலகத்தில் முதல் ஆள் ஏதோ சொல்லியிருப்பான். இரண்டாவது ஆள் மூன்றாவது ஆளிடம் போய், "அவன் என்ன சொன்னான் தெரியுமா?" என்று ஆரம்பித்திருப்பான். அம்மா எங்களோடு சண்டை போட்டு ஜெயிக்க வேண்டும் என்றால், "உங்கப்பா என்ன சொல்வார் தெரியுமா?" என்பாள். அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தவரை அவர் சொன்னதை அம்மா காதில் வாங்கியதே கிடையாது. இப்போது அவர் சொன்னதுதான் வீட்டில் சட்டம். முதலாளிக்கு வேறு கணக்கு. வரிக்குக் கீழே ஒரு பெரிய பெயர் இருந்தால் காலண்டருக்கு ஒரு கனம் வரும். எனக்கு என்னவென்றால், தப்பு நடந்தால் பழியைப் போட ஒரு ஆள் வேண்டும். அண்ணி ஒருத்திதான் இதில் எந்த லாபமும் பார்க்காதவள். சொன்னவனுக்குச் சேர வேண்டியது சேர வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் சென்ற வருஷத்துக் காலண்டர் வேலை வந்தது. முதலாளி தன் மருமகன் எங்கிருந்தோ எடுத்துக் கொடுத்த ஒரு கட்டுப் பொன்மொழிகளைச் சேர்த்திருந்தார். அண்ணி அதில் முப்பத்தொன்றை அடித்துவிட்டாள். ஒரே வாக்கியம் மூன்று பெரிய மனிதர்கள் பெயரில் இருந்தது. அதில் இரண்டு பேர் பிறப்பதற்கு முன்பே மூன்றாமவர் இறந்துவிட்டார்.

"அப்ப ஒரு மாசம் வெள்ளைத் தாளா விடறதா?" என்று முதலாளி குதித்தார். தாள் மெஷினில் ஏறிவிட்டது. நான் இங்க்கைக் கலந்துவிட்டேன்.

"புத்தகத்துல எடுத்ததெல்லாம் போட்டுத் தீந்துபோச்சு. காதால கேட்டது என் பெட்டியில ஆதாரத்தோட இருக்கு சார்" என்றாள் அண்ணி. "ஆனா பெரிய பேர் கிடையாது."

வேறு வழியில்லாமல் அவர் தலையசைத்தார். பெட்டியின் பின்பாதி முதல் தடவையாக அச்சுக்கு வந்தது. 'அளவு எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுப்பவர்கள், சட்டை தைத்து வந்ததும் என்னைத் திட்டுகிறார்கள் — ஒரு தையல்காரர்.' 'கோபம் வந்தால் பல் தேய்க்க ஆரம்பித்துவிட வேண்டும், வாயைத் திறந்து பேச முடியாது — ஒரு மாமியார்.' என்னுடையதும் ஒன்று. 'மெஷினைத் திட்டுவதற்கு முன்னால் எண்ணெய் போட்டாயா என்று பார் — ஓர் அச்சுத் தொழிலாளி.' அதை ஓட்டிய அன்று நானே பத்துத் தாளைத் தனியாக எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பிப்ரவரி ஒன்பதாம் தேதிக்கு அண்ணி வைத்தது இது: 'பார்க்கப் போவது ஆளை, நோயை இல்லை — ஒரு பேருந்து நடத்துநர்.'

அதை அவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸில் கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி நிறுத்தம் வருவதற்கு முன்னால், கையில் ஃப்ளாஸ்க்கோடு ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாளாம். கண்டக்டர் குனிந்து, "கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போங்கம்மா. பாக்கப் போறது ஆளை, நோயை இல்ல" என்றாராம். அண்ணி அன்று, தான் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளிப்போய் இறங்கி நடந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. தூசி விழுந்துவிட்டது என்றாள். பிறகு கார்டு எழுதினாள்.

அந்தத் தாளை யாரும் கிழித்துப் போடவில்லை. ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக ஒட்டினார்கள். மருந்துக் கடையில் ஒட்டினார்கள். முதலாளிக்குக் கடிதம் வந்தது. மருமகனைக் கூப்பிட்டு, "பாத்தியா, பெரிய பேர் எதுக்கு?" என்று கேட்டார். அதை அண்ணி உடனே ஒரு கார்டில் எழுதிக்கொண்டாள்.

மார்ச் மாதம் ஒரு பகல் வேளையில் காக்கிச் சட்டையோடு ஒருவர் அச்சகத்துக்குள் வந்தார். தோளில் டிக்கெட் பை. சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிப்ரவரி ஒன்பது.

"இதைப் போட்டது யாருங்க?"

அண்ணி எழுந்து நின்றாள். அவரை அடையாளம் தெரிந்து அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"மேடம், டெப்போல எல்லாரும் என்னைச் சாமியார்னு கூப்பிடறாங்க" என்றார் கண்டக்டர். "அது போகட்டும். ஆனா இது நான் சொன்னது இல்லைங்க. ஆஸ்பத்திரி வாசல்ல பழம் விக்கற அக்கா சொன்னது. நான் அதைத்தான் சொன்னேன். அவங்க தினமும் என் பஸ்லதான் வர்றாங்க. அவங்க மூஞ்சியில முழிக்க முடியல."

அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதினான்கு வருஷத்தில் முதல் தப்பான கார்டு, அதுவும் ஆயிரக்கணக்கான சுவரில் தொங்குகிறது. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, "தம்பி, வாங்க" என்றாள். எனக்கும் சேர்த்து அவளே லீவு எழுதிவிட்டாள் என்பது வாசலுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் பழக்காரம்மா ஆரஞ்சைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு ஏதும்மா அவ்வளவு புத்தி. ஒரு டீச்சரம்மா சொன்னாங்க. வீட்டுக்காரர் படுத்திருந்தப்ப தினமும் என்கிட்டதான் பழம் வாங்குவாங்க. மொத நாள் அழுதுக்கிட்டு வந்தாங்க. மறுநாள் சிரிச்ச மூஞ்சியா வந்தாங்க. என்னம்மா ஆச்சுன்னு கேட்டேன், அப்ப சொன்னாங்க." அடுத்த தெருப் பள்ளிக்கூடத்துக்கு வழியும் சொல்லி, ஆளுக்கு ஒரு ஆரஞ்சும் கொடுத்தாள்.

டீச்சர் ஒரு கட்டு நோட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அண்ணி கேட்டதும் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் சொன்னதா? இல்லைங்க. லிஃப்ட்ல ஒருத்தர் சொன்னார்."

"எந்த லிஃப்ட்ல?" என்றேன் நான்.

"ஆஸ்பத்திரி லிஃப்ட்லதான். நாற்காலியில உக்காந்து பட்டன் அமுக்குவாரே, அவர். ரொம்ப நல்ல மனுஷன். ஆனா பாவம், கண்ணாடியைத் தலைமேலயே வச்சுக்கிட்டுக் கீழே தேடிக்கிட்டிருப்பார்."

நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் கையிலிருந்த ஆரஞ்சு கீழே விழுந்து உருண்டது. அதைக்கூட எடுக்காமல் நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் ஓட வேண்டியதாகிவிட்டது.

லிஃப்ட் கதவு திறந்தபோது அண்ணன் எங்களைப் பார்த்துப் பயந்துவிட்டான். "அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. மேல போங்க" என்றாள் அண்ணி.

"எத்தனாவது மாடி?"

"எதுவா இருந்தா என்ன?"

எங்களுக்குப் பின்னால் ஒருவர் சாப்பாட்டுப் பையோடு ஏறினார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நாலாவது மாடி என்றார். அண்ணன் பட்டனை அமுக்கினான். அவரைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். அவனுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறந்துவிட்டான். "முகத்தைத் துடைச்சுக்குங்க சார். பாக்கப் போறது ஆளை, நோயை இல்ல."

அவர் தலையை ஆட்டினார். தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இறங்கும்போது நிமிர்ந்து நடந்து போனார். நான் கண்ணால் பார்த்தேன்.

கதவு மூடியதும் அண்ணி கேட்டாள். "இதை உங்ககிட்ட யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல."

"யாராவது சொல்லியிருப்பாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எங்க படிச்சீங்க?"

"படிக்கல. முதல்ல உன்கிட்டதான் சொன்னேன்."

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் பட்டன் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உங்கம்மா இங்க படுத்திருந்தாங்களே, ஒன்பது வருஷம் முன்னால. நீ அழுதுக்கிட்டே ஏறின. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. வாயில வந்ததைச் சொன்னேன். நீ மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டுப் போன. அன்னைக்கு அந்த வார்டே கேக்கற மாதிரி அவங்க சிரிச்சாங்கன்னு நர்ஸ் வந்து சொன்னாங்க. சரி, உன்கிட்ட வேலை செஞ்சுதே, மத்தவங்களுக்கும் சொல்லுவோம்னு ஆரம்பிச்சேன்."

அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள். அன்றைக்கு அவள் தன் அம்மாவிடம் உட்கார்ந்து, நான் சமையல் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தாள் என்று எங்களுக்கே பல தடவை சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

"எனக்கு அந்தத் தைரியம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு இத்தனை வருஷமா யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள். "நீங்க சொன்னது ஞாபகமே இல்லையேங்க. கார்டு எழுதலையே நான்."

"அன்னைக்கு நீ எழுதற நிலைமையில இல்ல."

எனக்குத்தான் கோபம் வந்தது. "டேய் அண்ணா, இந்த லிஃப்ட் கதவுலயே அந்தத் தாள் ஒட்டியிருக்கு. ஒரு மாசமாப் பாத்துக்கிட்டுத்தானே இருக்க? வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"கண்டக்டருக்கும் தோணியிருக்கும்னு நினைச்சேன்" என்றான். பிறகு அண்ணியை ஓரக்கண்ணால் பார்த்தான். "அதோட, ஏற்கெனவே ஒரு தடவை மார்ச் பதினேழுன்னு சொல்லிட்டா. இதைச் சொன்னா பிப்ரவரி ஒன்பதுன்னு சொல்வாளேன்னு பயம்."

அண்ணி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். கீழே கதவு திறந்தபோது காத்திருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டு ஒதுங்கினார்கள். "சந்தோஷ விஷயம்தாங்க, ஏறுங்க" என்று நான் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. என் கண்ணிலும் தண்ணீர் இருந்ததால் யாரும் நம்பவில்லை.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பெட்டி திறந்தது. அண்ணி பழைய கார்டின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் புதிய துண்டை எடுத்தாள். இதுவரை எந்தக் கார்டிலும் இல்லாத நான்காவது வரி ஒன்றைச் சேர்த்தாள். சொன்னவர், என் வீட்டுக்காரர். கொண்டுவந்தவர்கள், ஒரு டீச்சர், ஒரு பழக்காரர், ஒரு கண்டக்டர். இந்த நான்கு வரியும் அடுத்த வருஷத்துத் தாளில் அப்படியே வரவேண்டும் என்று முதலாளியிடம் போனிலேயே சொல்லிவிட்டாள். இடம் பத்தாதே என்று அவர் புலம்பியது எங்களுக்கும் கேட்டது.

கார்டை அண்ணனிடம் நீட்டினாள். அவன் கண்ணாடியைத் தேடினான். அம்மா எட்டி அவன் தலையிலிருந்து இழுத்து மூக்கில் மாட்டிவிட்டாள். அண்ணன் படித்தான். மறுபடியும் படித்தான். பிறகு, "இது தப்பு" என்றான்.

நாங்கள் மூன்று பேரும் கார்டைப் பார்க்க எட்டிக் குனிந்தோம்.

"நாலாவது மாடிக்குப் போறப்பன்னு எழுதியிருக்க. அது இன்னைக்கு ஏறினவர். உங்கம்மா இருந்தது மூணாவது மாடி. ரெண்டாவதைத் தாண்டினதும் சொன்னேன்."

அண்ணி கார்டை வாங்கிப் பார்த்தாள். அவள் எழுதிய கார்டைப் படித்து அங்கேயே பிழை கண்டுபிடித்த முதல் ஆள் அவன்தான். ரப்பரால் அழித்து, மூன்று என்று எழுதினாள். அப்புறம் கார்டைத் திருப்பி, பின்பக்கம் தேதி போட்டு, கொட்டை எழுத்தில் இன்னொரு வரி சேர்த்தாள்.

'பிழை திருத்தியவரும் அவரே.'

ஒரே கார்டில் அண்ணன் இரண்டு இடத்தில் வந்துவிட்டான்.